வெற்றிப் புத்தகங்களின் அரசியல்: பிசினஸ் நூல் உற்பத்தியாகும் விதம் குறித்துச் சில குறிப்புகள்

1

'பிசினஸ் புத்தகமா? அதைப் பற்றி நம்ம பத்திரிகையில் எழுத என்ன இருக்கு?' என்று நண்பர்கள் கேட்கலாம். கவிதை, நாவல், சினிமா, புராணம் எல்லாவற்றின் பிரதி அரசியலையும் வரிவரியாகப் பிரித்துப் போடுகிறோம். ஆலைக்குள்ளும் அலுவலகத்திற்குள்ளும் மனிதர்கள் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லித் தருகிற ஒரு எழுத்து வகையை மட்டும் ரயில் நிலையப் புத்தகக் கடையோடு விட்டுவிடுகிறோம். 'அது இலக்கியமில்லை' என்பது நம் சமாதானம். இலக்கியமில்லைதான். ஆனால் முதலாளியம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையாடல் அதில்தான் இருக்கிறது. பாட்டாளிக்கும் குமாஸ்தாவிற்கும் மேஸ்திரிக்கும் அன்றாடம் நேர்கிற பலவும் எங்கோ ஒரு 'வெற்றிப் புத்தகத்தில்' முதலில் எழுதப்பட்டு, பிறகுதான் சுற்றறிக்கையாக வந்து சேர்கின்றன.

எனவே இந்தக் கட்டுரையின் கேள்வி எளிமையானது. வெற்றி பெற்ற பிசினஸ் புத்தகம் ஒன்று எப்படி எழுதப்படுகிறது, எப்படி வெளியிடப்படுகிறது, எப்படி 'வெற்றி' பெறுகிறது? இந்த வகை எழுத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. ஆகவே பெரும்பாலும் அமெரிக்க உதாரணங்களையே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊருக்குக் கடைசியில் வருவோம்.

2

முதல் பெரிய பிசினஸ் புத்தகம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் ஃபிரெடெரிக் டெய்லரின் 'அறிவியல் நிர்வாகக் கோட்பாடுகள்' (1911) நூலைச் சொல்லலாம். பின்னால் வந்தவர்கள் கையாண்ட உத்திகள் அநேகமாக எல்லாமே இதில் கருவாக இருக்கின்றன.

அந்த நூலின் உயிர்நாடி ஒரு கதை. பெத்லகேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளங்களை ரயில் பெட்டியில் ஏற்றும் கூலியாள் ஒருவர். டெய்லர் அவருக்கு வைத்த பெயர் ஷ்மிட். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தவரை, எப்போது தூக்க வேண்டும், எப்போது நடக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுவித்ததில் நாற்பத்தேழரை டன் ஏற்றினாராம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உழைப்பு ஏறத்தாழ நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கிற்குச் சற்றுக் கூட. இதைத்தான் இருதரப்பிற்கும் லாபம் என்கிறார் டெய்லர். அந்தத் தொழிலாளியை அறிவில் எருதுக்கு ஒப்பானவராக வர்ணிக்கும் அதே நூல், அவர் சிறுகச் சேர்த்து ஒரு துண்டு நிலம் வாங்கி, வேலைக்கு முன்பும் பின்பும் தன் கையாலேயே வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்றும் சொல்கிறது! பிரதி தன்னையே காட்டிக்கொடுக்கும் இடம் இது.

ஷ்மிட்டின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். 1974இல் ரேஜ், பெரோனி என்கிற இரு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி, டெய்லர் சொன்ன விதத்தில் இந்தச் சம்பவம் நடக்கவில்லை, பெருமளவு புனையப்பட்டது என்று காட்டினார்கள். நூலின் கணிசமான பகுதி டெய்லரின் சகாவான மோரிஸ் குக் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்தது என்பதும் பிற்பாடு தெரியவந்தது. வெளியீட்டு முறையும் கவனிக்கத்தக்கது. இயந்திரப் பொறியாளர் சங்கம் இந்த எழுத்தை வெளியிடாமல் இழுத்தடித்தபோது டெய்லர் தன் காசில் அச்சிட்டுச் சங்க உறுப்பினர்களுக்கு அனுப்பினார். வெகுஜன மாத இதழ் ஒன்றிலும் தொடராக வந்தது.

ஆக, புனைந்த கதை, முகமற்ற துணை எழுத்தாளர், சொந்தச் செலவில் பதிப்பு, தொழிற்குழுவிற்குள் விநியோகம், பத்திரிகைத் தொடர் என எல்லாம் 1911லேயே தயார். அதே ஆண்டு ஆகஸ்டில் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் நிறுத்தற்கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடாளுமன்றக் குழு டெய்லரை அழைத்து விசாரித்தது. அரசு ஆயுத ஆலைகளில் அந்தக் கடிகார முறைக்குப் பிறகு தடையே வந்தது. புத்தகத்திற்கு வந்த மிகச் சரியான 'மதிப்புரை' அந்த வேலைநிறுத்தம்தான்.

தோழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1914இல் டெய்லர் முறையை மனிதனை இயந்திரத்திற்கு அடிமையாக்குவது என்று எழுதிய லெனின், 1918இல் சோவியத் ஆட்சியின் உடனடிக் கடமைகளைப் பற்றி எழுதும்போது அதிலுள்ள அறிவியல் அம்சங்களைச் சோதித்துப் பயன்படுத்த வேண்டும் என்றார். முதலாளியின் புத்தகம் முதலாளியின் மேசையோடு நின்றுவிடுவதில்லை.

3

இனி, எழுதுகிறவர் யார் என்கிற பிரச்சினை. 'ஆசிரியன் என்றால் என்ன' என்று ஃபூக்கோ 1969இல் கேட்டார். பெயர் என்பது ஒரு ஆளைச் சுட்டுவதைவிட, சொல்லாடலைக் கட்டி நிறுத்தும் ஒரு செயல்பாடு என்பது அவர் வாதம். இலக்கியப் பிரதிகளில் இதை நிரூபிக்க நாம் எவ்வளவோ மெனக்கெடுகிறோம். பிசினஸ் புத்தகத்தில் அது பட்டவர்த்தனம். அட்டையில் இருக்கிற பெயர் வேறு, பேனா பிடித்த கை வேறு.

ஆல்ஃபிரட் ஸ்லோன் எழுதியதாக 1964இல் வெளிவந்த 'ஜெனரல் மோட்டார்ஸுடன் என் ஆண்டுகள்' இந்த வகையின் செவ்வியல் நூல். அதை உருவாக்கியதில் பெரும்பங்கு 'ஃபார்ச்சூன்' பத்திரிகையைச் சேர்ந்த ஜான் மெக்டொனால்டுக்கு உரியது. பிரதி தயாரானதும் கம்பெனியின் வக்கீல்கள் பயந்துபோனார்கள். ஏகபோக எதிர்ப்புச் சட்ட வழக்குகளில் அரசு இதையே சாட்சியமாகக் காட்டினால் என்ன ஆவது? கம்பெனி புத்தகத்தை அமுக்கிவிட்டது. மெக்டொனால்டு கம்பெனி மீது வழக்குப் போட்டுத்தான் புத்தகத்தை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. இந்தக் கதையை அவர் எழுதி வைத்த நூல், 'ஒரு பேயின் நினைவுக்குறிப்பு' என்று பொருள்படும் தலைப்பில், அவர் இறந்தபின் 2002இல் வந்தது. பிறர் பெயரில் எழுதிக் கொடுப்பவனை ஆங்கிலத்தில் 'பேய் எழுத்தாளன்' என்றுதான் சொல்வார்கள். பொருத்தமான பெயர்தான்.

ஸ்லோனின் நூலில் இருபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். தொழிலாளர் உறவுக்கு ஒன்று. 1936-37 குளிர்காலத்தில் ஃப்ளிண்ட் நகர ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து 44 நாள் நடந்த வேலைநிறுத்தம்தான் ஜெனரல் மோட்டார்ஸை சங்கத்தை அங்கீகரிக்க வைத்தது. அந்தக் கம்பெனியின் சரித்திரத்தையே திருப்பிய சம்பவத்திற்கு அந்த ஒரு அத்தியாயத்திற்குள்தான் இடம்.

1984இல் வந்த லீ அயகோக்காவின் சுயசரிதை அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அமெரிக்காவில் புனைவல்லாத நூல்களில் மிக அதிகம் விற்றது. கூட எழுதியவர் வில்லியம் நோவாக். அவருக்குப் பேசிய தொகைதான், ராயல்டி கிடையாது. திவாலாகிக்கொண்டிருந்த க்ரைஸ்லர் கார் கம்பெனியை ஒரு தனிமனிதர் தூக்கி நிறுத்திய வீரகதையாகத்தான் அது வாசிக்கப்பட்டது. 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அமெரிக்க அரசு ஜாமீன் நின்றது, தொழிலாளர்கள் சங்கத்தின் மூலம் தங்கள் கூலியில் விட்டுக்கொடுத்தது, ஆயிரக்கணக்கில் வேலை போனது ஆகியவை நூலில் தகவல்களாக வருகின்றன. ஆனால் கதாநாயகனாக வருவது ஒருவர்தான். தகவலை மறைக்க வேண்டியதில்லை, கதையின் எழுவாயை மாற்றினால் போதும் என்பது இந்த வகையின் இலக்கணம்.

1987இல் டொனால்டு டிரம்ப் பெயரில் வந்த 'பேரத்தின் கலை'யை எழுதிய டோனி ஷ்வார்ட்ஸ், 2016இல் 'நியூயார்க்கர்' இதழில் மனம் திறந்தார். தான் எழுதியதை நினைத்து வருந்துவதாகவும், அந்த மனிதரை இருந்ததைவிடக் கவர்ச்சியாகக் காட்டிவிட்டதாகவும் சொன்னார். அடுத்த ஆண்டு டிரம்ப் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். 'வெறும் புத்தகம்தானே' என்று சொல்வதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

4

சுயசரிதை ஒரு கிளை. இன்னொரு கிளை 'ஆய்வு' என்ற உடை உடுத்தி வருவது. அதன் முன்மாதிரி டாம் பீட்டர்ஸ், ராபர்ட் வாட்டர்மன் இருவரும் 1982இல் எழுதிய 'மேன்மையைத் தேடி'. இருவரும் மெக்கின்ஸி என்கிற ஆலோசனைக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 43 'மேன்மையான' கம்பெனிகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றுக்குப் பொதுவான எட்டுக் குணங்களைப் பட்டியலிட்டார்கள். வாடிக்கையாளரோடு நெருக்கம், மனிதர்கள் மூலமாக உற்பத்தித் திறன் என்று இப்படி எட்டு. பல லட்சம் பிரதிகள் விற்றன.

காலத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பான் கார்கள் அமெரிக்கச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. பொருளாதார மந்தம். 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000 பேருக்கு மேல் ரீகன் அரசால் ஒரே அடியில் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். ஒருபக்கம் சங்கத்தை உடைக்கும் தடி, மறுபக்கம் 'மனிதர்களே நம் செல்வம்' என்கிற புத்தகம். இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தன. தடியை நியாயப்படுத்தப் புத்தகம் எழுதப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தடி விழுந்து மௌனமாகிவிட்ட இடத்தில்தான் அந்த அன்பான குரல் எடுபட்டது.

முறையியலைப் பார்ப்போம். வென்றவர்களைத் தேர்ந்தெடு. அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேள். இருப்பதையெல்லாம் வெற்றிக்குக் காரணம் என்று சொல். அதே குணங்களோடு தோற்றுப்போன கம்பெனிகள் எத்தனை என்று மட்டும் கேட்காதே. இது நம்ம ஊர் ஜோசியம் மாதிரி. பலித்தது மட்டும் கணக்கில் வரும். இரண்டே வருடத்தில், 1984 நவம்பரில், 'பிசினஸ் வீக்' இதழ் இந்தப் பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கம்பெனிகள் சிக்கலில் இருப்பதாக அட்டைக் கட்டுரை போட்டது. பட்டியலில் இருந்த வாங் கம்பெனி 1992இல் திவால் மனு கொடுத்தது. 2001இல் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழில் பீட்டர்ஸ் பெயரில் வந்த கட்டுரையில் தரவுகளைப் போலியாகச் செய்ததாக ஒரு வாசகம் இருந்தது. பிறகு அது தன் வார்த்தை இல்லை என்று அவர் மறுத்தார். எந்தப் பதில் சரியானாலும் புத்தகத்தின் விற்பனைக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஜிம் காலின்ஸின் 'நல்லதிலிருந்து மகத்தானதற்கு' (2001) இன்னும் கறாரான ஆய்வாகத் தன்னை முன்வைத்தது. 1,435 கம்பெனிகளிலிருந்து 11ஐச் சலித்தெடுத்தார்கள். ஒப்பிட வேறு கம்பெனிகளையும் வைத்துக்கொண்டார்கள். இந்த 11இல் ஃபேனி மே 2008 செப்டம்பரில் அரசுப் பொறுப்பிற்குள் போனது. சர்க்கிட் சிட்டி அதே ஆண்டு நவம்பரில் திவால் மனு கொடுத்து, அடுத்த ஆண்டு கடைகளை மூடியது. 

இந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை ஃபில் ரோசன்ஸ்வைக் 2007இல் எழுதிய 'ஒளிவட்ட விளைவு' நன்றாக விளக்குகிறது. லாபம் வரும்போது கம்பெனியில் யாரைக் கேட்டாலும் தலைமை உறுதியானது, கலாசாரம் ஆரோக்கியமானது என்பார்கள். லாபம் போனதும் அதே தலைமை பிடிவாதம், அதே கலாசாரம் தேக்கம். ஆக, ஆய்வாளர் 'காரணம்' என்று சேகரித்தது எல்லாம் விளைவின் நிழல். பத்திரிகைச் செய்தியையும் மேலாளர் பேட்டியையும் எத்தனை மூட்டை சேர்த்தாலும் இது தீராது. மூட்டையின் கனம் அறிவியலாகிவிடாது.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வடிவம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். எட்டுக் குணங்கள், ஏழு பழக்கங்கள், ஒரு நிமிடம் என்று முதலில் ஒரு எண். அப்புறம் ஒரு படம், பிறகு கதை, கதைக்குக் கீழே நீதி. பஞ்சதந்திரத்தின் அமைப்பு அப்படியே இருக்கிறது. அரசகுமாரர்களுக்குப் பதில் மேலாளர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான். வாசகர் தன் மேசையிலிருந்து எழாமலேயே மறுநாள் காலையில் செய்து பார்க்கக்கூடிய ஒன்று கையில் கிடைக்க வேண்டும். அவருடைய சம்பளத்தை, சொத்தை, வேலைநேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்கிற கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாகக் கூட வராது.

5

சரி, எழுதியாயிற்று. விற்பது எப்படி?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பிசினஸ் நூலாசிரியர் பலருக்கு நூலின் ராயல்டி முக்கிய வருமானம் இல்லை. புத்தகம் ஒரு விசிட்டிங் கார்டு. அதைக் காட்டித்தான் கம்பெனிகளுக்கு ஆலோசகராகலாம், மாநாடுகளில் பெருந்தொகைக்குப் பேசலாம், பயிற்சிப் பட்டறை நடத்தலாம். எனவே புத்தகத்தை நஷ்டத்தில் விற்றாலும், ஏன் தானே வாங்கிக்கொண்டாலும் கூட, கணக்கு கட்டும்.

1995இல் வெளிப்பட்ட ஒரு விவகாரம் இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. மைக்கேல் ட்ரேசி, ஃபிரெட் வியர்செமா இருவரும் எழுதிய 'சந்தைத் தலைவர்களின் ஒழுங்கு' அந்த ஆண்டு 'நியூயார்க் டைம்ஸ்' பட்டியலில் 15 வாரங்கள் இருந்தது. ஆசிரியர்களோடு தொடர்புள்ள ஆலோசனைக் கம்பெனி சிஎஸ்சி இண்டெக்ஸ். 1995 ஆகஸ்டில் 'பிசினஸ் வீக்' ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஆசிரியர்களும் கம்பெனியும் சேர்ந்து குறைந்தது இரண்டரை லட்சம் டாலர் செலவில் 10,000 பிரதிகளுக்கு மேல் வாங்கினார்கள், மற்ற கம்பெனிகளின் மொத்தக் கொள்முதலையும் நாடெங்கும் உள்ள சின்னச் சின்னக் கடைகள் வழியாகப் பிரித்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பட்டியல் தயாரிக்கும் பத்திரிகை எந்தெந்தக் கடைகளில் கணக்கெடுக்கும் என்று ஊகித்து அங்கே வாங்குவதுதான் சூட்சுமம். சம்பந்தப்பட்டவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்றார்கள். அதன் பிறகு அந்தப் பத்திரிகை, மொத்தக் கொள்முதல் நடந்ததாகத் தெரியவரும் நூல்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறுவாள் அடையாளம் போட ஆரம்பித்தது.

'அதிகம் விற்பதால் பட்டியலில் வருகிறது' என்பது பொதுப்புத்தி. பட்டியலில் வருவதால் அதிகம் விற்கிறது என்பது வியாபாரப் புத்தி. பண்ட வழிபாடு என்று மார்க்ஸ் சொன்னதை இங்கே கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். மனிதர்களுக்கிடையிலான ஒரு ஏற்பாடு, புத்தகம் என்கிற பொருளின் சொந்தக் குணமாக, அதன் 'வெற்றி'யாக, நம் முன்னால் வந்து நிற்கிறது.

இன்னொரு வழி, தானே பதிப்பது. கென் பிளாஞ்சார்டும் ஸ்பென்சர் ஜான்சனும் 'ஒரு நிமிட மேலாள'ரை 1981இல் முதலில் தாங்களே அச்சிட்டு, விற்பனையை நிரூபித்துவிட்டு, 1982இல் பெரிய பதிப்பகத்திடம் கொடுத்தார்கள். ராபர்ட் கியோசாகியின் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' 1997இல் சொந்தப் பதிப்பாக 1,000 பிரதிகள் அச்சானது. அதைத் தூக்கிவிட்டதில் ஆள்சேர்ப்புச் சங்கிலி வியாபாரக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தங்களுக்குக் கீழே சேர்கிறவர்களுக்கு அதை வேதம் போலக் கொடுத்தார்கள். 2000இல் பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. பிற்பாடு கருத்தரங்கு நடத்திய லெர்னிங் அனெக்ஸ் என்கிற நிறுவனம் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட, 2 கோடி டாலருக்கு மேல் கொடுக்கும்படி தீர்ப்பானது. 2012இல் கியோசாகியின் கம்பெனிகளில் ஒன்று திவால் மனு கொடுத்தது. கவனியுங்கள், கோடிக்கணக்கில் சண்டை வந்தது புத்தகத்தைப் பற்றி அல்ல, மேடையைப் பற்றி. பணக்காரர் ஆவதைப் பற்றிய புத்தகம் யாரையாவது நிச்சயமாகப் பணக்காரர் ஆக்கும் என்றால், அந்த ஆள் வாசகர் அல்ல.

6

இதெல்லாம் வெறும் ஏமாற்று வேலை என்று முடித்துவிட்டால் கட்டுரை இங்கேயே நின்றுவிடும். அப்படி முடிக்க முடியாதபடி இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, இந்தப் புத்தகங்களுக்கு விளைவு உண்டு. மைக்கேல் ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும் 1993இல் எழுதிய 'ரீஎன்ஜினியரிங்' புத்தகம், ஒரு கம்பெனியின் வேலைமுறையை வெள்ளைத்தாளிலிருந்து மறுபடி வரைய வேண்டும் என்றது. சாம்பி அப்போது மேலே சொன்ன அதே சிஎஸ்சி இண்டெக்ஸின் தலைவர். கம்பெனிகள் வரைந்தன. வரைந்த படத்தில் பல பேருக்கு இடம் இல்லை. ஆட்குறைப்புக்கு நாகரிகமான மறுபெயராக அந்தச் சொல் புழங்கத் தொடங்கியது. 1995இல் டாம் டேவன்போர்ட் என்பவர் (இதே சிந்தனையை முதலில் முன்வைத்தவர்களில் ஒருவர்) இது மனிதர்களை மறந்துபோன மோஸ்தர் என்று எழுதினார். 1996இல் ஹாமரே, தன் பொறியியல் படிப்பின் பழக்கத்தால் மனித அம்சத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். வேலை போனவர்களுக்கு அடுத்த பதிப்பில் வந்த திருத்தத்தால் ஆவது என்ன?

இரண்டாவது விஷயம் நம்மைத் தொடுவது. லூக் போல்டான்ஸ்கி, ஈவ் ஷியாப்பெல்லோ என்கிற பிரெஞ்சுச் சமூகவியலாளர்கள் 1999இல் 'முதலாளியத்தின் புதிய ஆன்மா' என்ற பெரிய நூலை வெளியிட்டார்கள். அவர்கள் செய்த காரியம் நாம் செய்யாமல் விட்டது. நிர்வாக நூல்களை உட்கார்ந்து வாசித்தார்கள். 1959-69 காலத்து நூல்களை ஒரு தொகுதியாகவும் 1989-94 காலத்து நூல்களை இன்னொரு தொகுதியாகவும் வைத்து ஒப்பிட்டார்கள்.

கிடைத்த முடிவு சங்கடமானது. முதலாளியத்தின் மீது இரண்டு வகை விமர்சனங்கள் இருந்து வந்திருக்கின்றன என்கிறார்கள். ஒன்று சமூக விமர்சனம்: சுரண்டல், வறுமை, சமத்துவமின்மை பற்றியது. மற்றது கலைஞர்களின் விமர்சனம்: அதிகார அடுக்கு, இயந்திரத்தனம், படைப்பாற்றல் நசுக்கப்படுதல் பற்றியது. 1968 மே கிளர்ச்சியில் இரண்டும் சேர்ந்து ஒலித்தன. அதற்குப் பிறகான இருபது ஆண்டுகளில் முதலாளியம் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டது. 1990களின் நிர்வாக நூல்கள் அடுக்கதிகாரத்தைத் திட்டுகின்றன. வலைப்பின்னல், தன்னாட்சி, நெகிழ்வு, படைப்பு, திட்டத்திற்குத் திட்டம் நகரும் சுதந்திரம் ஆகியவற்றைப் போற்றுகின்றன. முதல் விமர்சனம் அந்தரத்தில் விடப்பட்டது. நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் சங்கமும் 'இறுகிப்போனவை' என்ற பட்டியலில் சேர்ந்தன. 1992இல் வந்த டாம் பீட்டர்ஸ் நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'விடுதலை நிர்வாகம்'. விடுதலை!

இப்போது நம் சிற்றிதழ்களின் பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். மையம் தகர்ப்பு, ஒற்றை அதிகாரத்தின் மறுப்பு, பன்மை, நெகிழ்வான அடையாளம், வேர்க்கிழங்கு போலப் பரவும் தொடர்புகள். இந்தச் சொற்களைக் கொண்டு சாதியையும் தேசத்தையும் கட்சி அதிகாரத்தையும் நாம் கேள்வி கேட்டோம். அது வீணில்லை. ஆனால் அதே சொற்கள் கம்பெனி போர்டு ரூமிலும் புழங்கின என்பதை யோசிக்காமல் இருக்க முடியாது. இன்று மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞரை ஆப் நடத்தும் கம்பெனி 'தொழிலாளி' என்று சொல்வதில்லை, 'பார்ட்னர்' என்கிறது. அவருக்கு மேஸ்திரி கிடையாது, ஷிஃப்ட் கிடையாது, மையமும் கிடையாது. பி.எஃப்.பும் கிடையாது. மையமற்ற அதிகாரம் என்று நாம் கோட்பாடாகப் படித்ததை அவர் போனில் தினமும் பார்க்கிறார்.

ஆகவே, எந்தச் சொல் யாருடையது என்பதைச் சொல்லை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அது எந்த உறவுக்குள் உச்சரிக்கப்படுகிறது, யாருடைய வேலைநேரத்தை நீட்டுகிறது என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

7

வெற்றிபெற்ற பிசினஸ் புத்தகத்தைப் புரிந்துகொள்ள வெளிவர முடியாமல் போன பிசினஸ் புத்தகங்களையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்தப் பட்டியல் சின்னதில்லை. திருபாய் அம்பானி பற்றி ஹாமிஷ் மெக்டொனால்டு எழுதிய 'தி பாலியெஸ்டர் பிரின்ஸ்' 1998இல் ஆஸ்திரேலியாவில் வந்தது, வழக்கு அச்சத்தால் இந்தியக் கடைகளுக்கு வரவில்லை. சஹாரா குழுமம் பற்றிய தமல் பந்தோபாத்யாயின் நூலுக்கு 2013 டிசம்பரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் தடை விதித்தது. கேட்கப்பட்ட நஷ்ட ஈடு 200 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு, குழுமத்தின் மறுப்பையும் சேர்த்து அச்சிட்ட பிறகே நூல் வெளிவந்தது. ஏர் இந்தியாவின் வீழ்ச்சி குறித்து அதன் முன்னாள் அதிகாரி ஜிதேந்தர் பார்கவா எழுதிய நூலை 2014 ஜனவரியில் பதிப்பகமே மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றது. 2017இல் பாபா ராம்தேவ் பற்றிய பிரியங்கா பாடக் நாராயணின் நூல் விற்பனைக்கு தில்லி நீதிமன்றம் ஒன்று தடை போட்டது. முதலாளியின் கதையை முதலாளியின் சம்மதத்தோடு எழுதினால் விமான நிலையக் கடை, சம்மதமில்லாமல் எழுதினால் நீதிமன்ற வாசல். இரண்டு புத்தகங்களுக்கும் பாடுபொருள் ஒன்றுதான்.

தமிழில் முன்னேற்ற நூல்களுக்கு ஒரு மரபு உண்டு. எம்.ஆர்.எம். அப்துற்றஹீமும் எம்.எஸ். உதயமூர்த்தியும் தலைமுறைகளாக வாசிக்கப்பட்டவர்கள். 2004இல் கிழக்கு பதிப்பகம் தொடங்கிய பிறகு தொழிலதிபர் வரலாறுகளும் பங்குச் சந்தை நூல்களும் நல்ல தயாரிப்பில் பரவலாகக் கிடைத்தன. இவற்றை வாங்குகிறவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் வங்கி வாசலில் நிற்கவே கூச்சப்படுகிற ஒரு முதல் தலைமுறைக்காரனுக்குப் பணம், வட்டி, பங்கு என்றால் என்ன என்று அவன் மொழியில் சொல்ல வேறு யார் இருந்தார்கள்? நாம் சொல்லவில்லை. அந்த ஆசையை நாம் மதிக்க வேண்டும். அந்த ஆசைக்குக் கொடுக்கப்படும் கதையைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஏனென்றால் 'தன் உழைப்பால் தானே உயர்ந்தவர்' என்கிற கதையில் நம் ஊரில் முதலில் காணாமல் போவது சாதி. நாடார் உறவின்முறைகளின் மகமைப் பணம், செட்டியார் கடைகளின் உறவுவழிக் கடன் ஆகியவை தனிமனிதரின் பையில் இருந்தவை அல்ல. திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி ஷரத் சாரி 2004இல் எழுதிய 'சகோதர மூலதனம்' என்கிற ஆய்வு நூல் இதை நேராக எடுத்துக்கொள்கிறது. உழவிலிருந்தும் ஆலைக் கூலியிலிருந்தும் முதலாளிகளான கவுண்டர்கள் தங்கள் வெற்றியை 'உழைப்பு' என்ற ஒரே சொல்லால் விளக்குகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் சாதிச் சகோதரத்துவமும் ஆண்மையும் எப்படி மூலதனமாகின்றன, பெண்களின் உழைப்பு எப்படி அந்தச் சொல்லுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது என்பதை சாரி பிரித்துக் காட்டுகிறார். அதுவும் ஒரு பிசினஸ் புத்தகம்தான் என்பேன். வெற்றியைப் பற்றித்தான் பேசுகிறது.

அதே போல, வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதி, இரா. முருகவேள் 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவலையும், திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தோல்' நாவலையும் கம்பெனி வரலாறுகளாக வாசித்துப் பார்க்கலாம். எவ்வளவு முன்பணம், எவ்வளவு கழிவு, யாருக்கு எவ்வளவு கமிஷன், காய்ச்சலில் எத்தனை பேர் செத்தார்கள் என்கிற கணக்கு கம்பெனிகள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களில் வராது.

நம் முன் இருக்கிற வேலை, பிசினஸ் புத்தகத்தைத் திட்டுவதோடு தீராது. அதன் பலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேலையைப் பற்றி, பணத்தைப் பற்றி, நாளைக் காலை என்ன செய்வது என்பதைப் பற்றி அது பேசுகிறது, எளிய மொழியில் கதையாகப் பேசுகிறது. அந்த இடத்தை நாம் முழுக்க அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறோம். ஒரு டெலிவரி ஆப் தன் கணக்கை எப்படிப் போடுகிறது, ஒரு பனியன் கம்பெனியில் ஒரு பீஸுக்கு யார் யாருக்கு என்ன போகிறது, ஒரு தனியார் கல்லூரியின் வரவு செலவு என்ன என்பதை அங்கே வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து, அவர்களுக்குப் புரிகிற தமிழில், எண்களோடு எழுத நம்மில் எத்தனை பேர் தயார்? ஹென்றி நோல் தன் கதையைத் தானே எழுதியிருந்தால் அந்த நாற்பத்தேழரை டன்னின் கணக்கு எப்படி இருந்திருக்கும்?